கோழி வளர்க்க விரும்பும் மருமகனுக்கு



உன் கடிதம் கிடைத்தது. கவுன்சிலின் காத்திருப்போர் பட்டியலில் நெடுங்காலம் இருந்தபின் லண்டனில் உனக்கென்று ஓர் அலாட்மென்ட் தோட்டம், அதாவது காய்கறி பயிரிடக் குத்தகைக்கு விடும் சிறு நிலம், கிடைத்திருப்பதும், அதில் காய்கறியோடு நில்லாமல் நாலைந்து கோழிகளும் வளர்க்க நீ ஆசைப்படுவதும் எனக்கு மிகுந்த சந்தோஷத்தை அளிக்கின்றன. கூட்டின் அளவு, கோழியின் ஜாதி, தீவனத்தின் விலை என்று பலவற்றை விசாரித்திருக்கிறாய். ஆனால் வீட்டிலிருந்து அரைமைல் தள்ளியிருக்கும் அந்தக் கூட்டைத் தினந்தோறும் காலையில் திறப்பவர் யார், அந்தியில் அடைப்பவர் யார் என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. மற்ற எல்லாக் கேள்விகளும் இதற்குப் பின்னால் வரவேண்டியவை.

குத்தகைப் பத்திரத்தில் பிராணிகள் கூடாது என்று எழுதியிருப்பதைக் கண்டு நீ அஞ்ச வேண்டாம். இங்கிலாந்தில் 1950ஆம் வருஷத்து அலாட்மென்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பத்திரம் என்ன சொன்னபோதிலும், வியாபார நோக்கமின்றிப் பெட்டைக்கோழிகளையோ முயல்களையோ வளர்க்கவும், அதற்கு நியாயமாகத் தேவைப்படும் கூண்டை நிறுவவும் தோட்டக்காரருக்கு உரிமை அளிக்கிறது. யுத்த காலத்தில் தம் முட்டை ரேஷனை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாகக் கோழித் தீவனம் வாங்கிக்கொண்ட ஜனங்களின் தேசம் இது. முட்டைக் கட்டுப்பாடு 1953 வரையில் நீங்காத அந்நாட்களில் இச்சட்டம் பிறந்தது என்பதை நினைத்தால் அதன் அருமை விளங்கும். ஆனால் அந்த உரிமை சேவலுக்கு இல்லை. சுகாதாரக் கேடோ, அண்டையாருக்கு உபத்திரவமோ உண்டாக்கினால் உனக்கும் இல்லை. சட்டம் உன் பக்கம் இருந்தாலும், தோட்டக் கமிட்டிக்கு முன்கூட்டி ஒரு கடிதம் எழுதி, பக்கத்துத் தோட்டக்காரரிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடு. நீ ஊரில் இல்லாத நாளில் கூட்டை அடைக்கப் போகிறவர் அநேகமாக அவராகத்தான் இருப்பார்.

வேறு சில கடமைகளும் உண்டு. 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரேயொரு கோழி வைத்திருப்பவரும் அரசாங்கத்தின் கால்நடைச் சுகாதாரத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பறவைக் காய்ச்சல் பரவும் பருவத்தில் கோழிகளை வெளியே விடலாகாது என்ற உத்தரவும் வரக்கூடும்; 2022 நவம்பர் 7ஆம் தேதி பிறந்த அத்தகைய உத்தரவு மறு வருஷம் ஏப்ரல் 18 வரையில் நீடித்தது. ஆகவே மழை ஒழுகாத கூரையும், காட்டுப் பறவைகளும் அவற்றின் எச்சமும் உள்ளே வராத வலையும் கொண்டு, மாதக்கணக்கில் கோழிகள் அடைபட்டிருந்தாலும் ஒன்றையொன்று கொத்தாதபடி விசாலமான அடைப்பை ஆரம்பத்திலேயே அமைத்துவிடு.

அந்த வலை விஷயத்தில் சிக்கனம் பார்க்காதே. கோழிவலை என்று கடையில் விற்கும் மெல்லிய கம்பி கோழியை உள்ளே நிறுத்துமேயன்றி நரியை வெளியே நிறுத்தாது. நரி அதைப் பல்லாலேயே கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலையை வாங்கி, நரி பறித்து நுழையாதபடி ஓரடி ஆழம் மண்ணுக்குள் இறக்கு. லண்டன் நரிக்குப் பகல் இரவு என்ற பேதம் கிடையாது. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் அஸ்தமித்துவிடுகிறது. கூட்டை அடைக்க வேண்டிய அந்நேரத்தில் நீயோ ஆபீஸில் இருப்பாய். தானாகத் திறந்து மூடும் கதவு வாங்கலாம், அது நல்ல துணைதான். ஆனால் வெளியே தங்கிவிட்ட கோழியை அது எண்ணிப் பார்க்காது, உறைந்துபோன தண்ணீரை உடைத்து வைக்காது.

தீவனத்தில் நம்மவர்க்கு மனம் ஒப்பாத ஒரு விதி இருக்கிறது. மீந்த சோற்றையும் காய்கறித் தோலையும் கோழிக்குப் போடுவது நம் வீடுகளில் பரம்பரைப் பழக்கம். இங்கே அது குற்றம். மாமிசம், பால் போன்றவை புழங்கும் சமையலறைக்குள் ஒருமுறை நுழைந்த பொருள், கீரைத் தண்டேயானாலும், கோழிக்குப் போகக்கூடாது. 2001இல் இத்தேசத்தின் கால்நடைகளைச் சூறையாடிய கோமாரி நோய், சரியாக வேகவைக்காத எச்சில் உணவு தின்ற பன்றிகளிலிருந்து பரவியதாகக் கண்டறியப்பட்டது. அதைக் கண்டவர்கள் இவ்விதியைக் கடுமை என்று சொல்லமாட்டார்கள். தோட்டத்தில் பறித்த முட்டைக்கோஸ் இலையை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே போடு, அதில் தடையில்லை. ருபார்ப் இலையை மட்டும் எட்டவிடாதே. கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் முட்டைக்கோழித் தீவனமும், கிளிஞ்சல் தூளும், சிறு கல்லும் போதும். தீவனத்தைத் தகர டின்னில் மூடி வை, இரவில் வெளியே விடாதே; தோட்டத்தில் எலி தென்பட்ட மறுநாளே அண்டையார் கண் உன் கூட்டின் மேல்தான் விழும்.

கோடையில் கோழிகளின் கொண்டை வெளிறி, முட்டை குறைந்து, அந்தியில் கூட்டுக்குள் போக அவை தயங்கினால் காரணம் பெரும்பாலும் சிவப்புச் செள். பகலில் அது மரப்பிளவுகளிலும், உட்காரும் கொம்பின் நுனி செருகியிருக்கும் இடுக்கிலும் சாம்பல் பொடிபோல ஒளிந்திருக்கும். இரவில் ஊர்ந்து வந்து இரத்தம் குடித்துச் சிவந்துவிடும். இருட்டியபின் டார்ச்சோடு போய், கொம்பின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் தாளால் துடைத்துப் பார். தாளில் இரத்தக் கோடுகள் விழுந்தால் சந்தேகம் தீர்ந்தது. கொம்புகளைக் கழற்றி, இடுக்குகளைக் கழுவிக் காயவைத்து, அதற்குரிய பொடியைத் தூவி, சில நாள் விட்டு மறுபடியும் அவ்வாறே செய். கூரைக்கு ஃபெல்ட் என்னும் தார் விரிப்பைப் போடாதே. அதன் அடிப்பக்கம்தான் அந்தப் பூச்சிக்கு மாளிகை.

இலையுதிர்காலத்தில் இறகு உதிர்த்து, குறுகிய பகல்களில் முட்டையை நிறுத்திவிடும் கோழியை விளக்குப் போட்டு வருத்தாதே, அது ஓய்ந்திருக்கட்டும். அதன் எருவைச் செடிக்கு நேரே இடாமல் குப்பைக் குழியில் சில மாதம் மக்கவிட்டபின் போடு.

முதலில் மூன்று கோழி போதும். பெரும் பண்ணைகள் கழித்துவிடும் கோழிகளைக் காப்பாற்றிக் கொடுக்கும் தர்ம ஸ்தாபனங்கள் இருக்கின்றன. அங்கிருந்து வருபவை இறகில்லாமல் பரிதாபமாக இருந்தாலும் நாளடைவில் தேறி முட்டையிடும். ஆனால் வாங்குமுன் ஒரு மாதம், கோழியில்லாமலே தினமும் காலையும் அந்தியும் தோட்டத்துக்குப் போய் வா. அது உன்னால் முடிந்ததா, முடியாத நாட்களில் யார் போவார் என்று எனக்கு எழுது. கூட்டின் அளவை அதற்கப்புறம் பேசிக்கொள்வோம்.

இப்படிக்கு,
உன் மாமா