எழுத்துப் பலகைக்குத் தெரியாதவை

எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படித்துவிடுவேன். 6/6 என்று சீட்டில் எழுதுவார்கள். அன்று சாயங்காலமே எதிரே வரும் பேருந்தின் விளக்கு பட்டால் கண்ணுக்குள் ஊசி குத்தும். பலகையைப் படிக்கிற பார்வை வேறு, பிழைப்புக்கு வேண்டிய பார்வை வேறு.

காரணம், சார்காய்டோசிஸ் என்ற நோய். அதில் நோய் எதிர்ப்பு அணுக்கள் சிறு முடிச்சுகளாகத் திரள்கின்றன. பெரும்பாலும் நுரையீரலில், பலருக்குக் கண்ணிலும். எனக்கு வந்தது யூவியைடிஸ் என்கிற உள்விழி அழற்சி. நம் ஊரில் காசநோயும் இதே மாதிரி கண்ணைத் தாக்கும் என்பதால் மாண்டூ தோல் சோதனை, சிடி ஸ்கேன், நிணநீர்க்கட்டியில் சதைச் சோதனை என்று நாள்கள் ஓடும். அலுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

சிகிச்சையும் அன்றாடத்தைப் புரட்டிப்போடும். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்டால் கிட்டத்து எழுத்து மங்கும், வெயில் தாங்காது. கணக்கெழுதும் எனக்கு அது பெரிய இடி. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தூக்கத்தைக் கெடுத்தது, சர்க்கரையை ஏற்றியது, வீட்டில் எரிந்து விழ வைத்தது. மருந்தின் குணம் இது என்று மருத்துவர் என் மனைவியிடமும் விளக்கிய பிறகுதான் வீடு அமைதியானது. ஆகவே வீட்டில் ஒருவரைக் கூடவே அழைத்துப் போங்கள். ஸ்டீராய்டு சொட்டு மருந்து கண் அழுத்தத்தை வலியே இல்லாமல் ஏற்றும், புரையும் வரவைக்கும். சிவப்பு போய்விட்டதென்று அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், பழைய சீட்டைக் காட்டி வாங்கிப் போடவும் வேண்டாம். அழற்சியை அடக்க மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை கொடுத்தால் வாரத்தில் ஒரே நாள்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அந்தக் கிழமையை அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், மருத்துவரிடம் பேசுவது. "எப்படி இருக்கு?" என்றால் "பரவாயில்லை டாக்டர்" என்பதுதான் நம் வழக்கம். அதை விட்டுவிட்டு, முடியாத வேலையைச் சொல்லுங்கள். "இடது கண்ணால் மட்டும் பார்த்தால் ஜன்னல் கம்பி வளைந்து தெரியுது, இருட்டினால் வண்டி ஓட்ட முடியலை" என்று சொன்னேன். உடனே விழித்திரையை ஸ்கேன் செய்தார்கள். நடுவில் நீர் கோத்து வீங்கியிருந்தது. பலகை அதைக் காட்டவேயில்லை.

கண் சிவக்காமல், வலியின்றி இருக்கும்போதும் பின்பக்கம் அழற்சி நடக்கலாம். நுரையீரலில் சார்காய்டோசிஸ் என்று சொல்லப்பட்டவர்கள், கண்ணில் தொந்தரவே இல்லாவிட்டாலும் பாப்பாவை விரித்து ஒருமுறை முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.