நேரம் தவறிய எழுத்துகள்

1976ஆம் ஆண்டு ஸைலாக் நிறுவனம் இசட்80 என்னும் நுண்செயலியை வெளியிட்டது. அக்கால வீட்டுக் கணினிகள் பலவற்றில் அது இடம்பெற்றது. அதே நுண்செயலியைக் கொண்டு கணினியைத் தம் கையாலேயே உருவாக்கும் ஆர்வலர்கள் இன்றும் இருக்கின்றனர். இவ்வாறு உருவாக்கப்படும் கணினிகள் பலவற்றுக்குச் சொந்தத் திரை இல்லை. அவை எழுத்துகளைக் கம்பி வழியாக மடிக்கணினிக்கு அனுப்பும். அங்குள்ள திரையில் அவற்றைப் படிக்கலாம்.

மாணவி ஒருவர் இத்தகைய கணினியை உருவாக்கினார் என வைத்துக்கொள்வோம். மின்சாரத்தை இணைத்ததும் திரையில் ஏதேதோ குறிகள் தோன்றுகின்றன. எதையும் படிக்க முடியவில்லை. எல்லாக் கம்பிகளையும் பிடுங்கி மீண்டும் இணைக்கலாமா என்று அவருக்குத் தோன்றுகிறது. ஆனால், தரவுக் கம்பி அறுந்திருந்தால் எந்த எழுத்துமே வந்திராதே! ஆகவே, அவர் ஒரு சோதனை செய்கிறார். ஆங்கிலப் பெரிய எழுத்தான ‘ஏ’யை மட்டும், சற்று இடைவெளி விட்டுவிட்டு, பலமுறை அனுப்புகிறார். அதன் எண் 65. மடிக்கணினிக்கோ ஒவ்வொரு முறையும் 161 என்ற எண்ணே கிடைக்கிறது. மின் இரைச்சல்தான் காரணம் என்றால் பிழை முறைக்கு முறை மாறியிருக்கும். மாறாத பிழைக்கு மாறாத காரணம் இருக்க வேண்டும்.

அக்காரணத்தை அறிய, எழுத்து எவ்வாறு பயணம் செய்கிறது என்று பார்ப்போம். முதலில் ஒரு தொடக்க பிட், அடுத்து 8 தரவு பிட்டுகள், இறுதியில் ஒரு நிறுத்த பிட் என அவை ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். நேரத்தைக் காட்டத் தனிக் கம்பி கிடையாது. பெறும் கருவி தொடக்க பிட்டைக் கண்டதும் தானாகவே நேரத்தைக் கணக்கிட்டு, ஒவ்வொரு பிட்டையும் அதன் நடுப்பகுதியில் படிக்கும்.

மாணவி அனுப்பிய தரவு பிட்டுகள்: 1, 0, 0, 0, 0, 0, 1, 0.
வந்து சேர்ந்தவை: 1, 0, 0, 0, 0, 1, 0, 1.

முதல் ஐந்தும் சரி. ஆறாவது இடத்திலிருந்து ஒவ்வொன்றும் ஓரிடம் முன்னே நகர்ந்துள்ளது. கடைசி இடத்தில் நிறுத்த பிட்டே வந்துவிட்டது. அனுப்பும் கணினி விரைந்து ஓடுகிறது என்பதை இது காட்டுகிறது.

மடிக்கணினி நொடிக்கு 1,15,200 பிட்டுகளை எதிர்பார்க்கிறது. ஒரு பிட்டுக்கு 8.68 மைக்ரோநொடி. மாணவி பொருத்திய படிகமோ 8 மெகாஹெர்ட்ஸ். கணினி அதை 64ஆல் வகுப்பதால் நொடிக்கு 1,25,000 பிட்டுகள் செல்கின்றன. ஒரு பிட்டுக்கு 8 மைக்ரோநொடியே ஆகிறது. வேறுபாடு ஒரு மைக்ரோநொடிகூட இல்லை. எனினும், அது பிட்டுக்குப் பிட்டு சேர்ந்துகொண்டே போகிறது. ஆறாவது தரவு பிட்டை மடிக்கணினி 56.4ஆவது மைக்ரோநொடியில் படிக்கிறது. அந்தப் பிட்டோ 56ஆவது மைக்ரோநொடியிலேயே முடிந்துவிட்டது!

தீர்வு எளிது. 1,15,200ஐ 64ஆல் பெருக்கினால் 73,72,800 கிடைக்கும். எனவே, 7.3728 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைப் பொருத்தினால் 65 என்ற எண் 65 ஆகவே வந்து சேரும். மாணவி அவசரப்பட்டிருந்தால் பழுதில்லாத பாகங்களைக் கழற்றி வீசியிருப்பார். பிழையைப் பொறுமையாகப் படித்ததால், மாற்ற வேண்டிய ஒன்றை மட்டும் மாற்றினார்.