கணிப்பொறியின் துணிவு

வயலில் நாற்று நடுவோர் பலராயின் வேலை விரைவில் முடியும். சுவர் எழுப்புதலோ அத்தகையதன்று. கீழ்வரிசை அமைந்த பின்னரே மேல்வரிசையை அடுக்க இயலும். கணிப்பொறியின் பணிகளிலும் இவ்விருவகை உண்டு. ஒன்றையொன்று சாராத பணிகளைப் பல செயலிகள் ஒரே வேளையில் செய்யலாம். ஒன்றன் விடையை மற்றொன்று சார்ந்திருப்பின், அவற்றை வரிசைப்படியே செய்தல் வேண்டும்.

மனிதர் எழுதும் நிரலைக் கணிப்பொறிக்குரிய கட்டளைகளாக மாற்றுவது நிரல்பெயர்ப்பி என்னும் மென்பொருளாகும். பணிகள் எவ்வகையின என்று பிரித்தறிதலும் அதற்குரிய வேலையே. ஆயின், அஃது எப்பொழுதும் எளிதன்று. நினைவகத்தில் வரிசையாக உள்ள அறைகளில் எண்கள் இருப்பதாகவும், ஒரு நிரல் அவற்றை 1000 படிகளில் திருத்துவதாகவும் கொள்வோம். எந்தப் படி எந்த அறையைத் தொடும் என்பது, நிரல் இயங்கும்போது கிடைக்கும் தரவுகளால்தான் தெரியவரும். 10ஆம் படி எழுதும் எண்ணை 600ஆம் படி படிக்க வேண்டியிருப்பின், வரிசை மாறியவுடன் விடையும் பிழைபடக்கூடும். பாலத்தின் வலிமையைக் கணக்கிடும் நிரலில் அப்பிழை நேர்ந்தால் விளைவு யாதாகும்? ஆகவே, ஐயம் எழுந்தவிடத்து நிரல்பெயர்ப்பி எல்லாப் படிகளையும் ஒரே செயலியிடம் ஒப்படைத்துவிடும். நான்கு செயலிகள் இருப்பினும் மூன்று வாளா இருக்கும்.

இவ்விடர்ப்பாட்டை நீக்க, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த லாரன்ஸ் ராச்வெர்கர், டேவிட் படுவா என்னும் அறிஞர் இருவர் 1995ஆம் ஆண்டில் ஒரு முறையை வெளியிட்டனர். இம்முறையில், மாறக்கூடிய எண்களுக்கு முதலில் நகல் எடுத்து வைக்கப்படும். பின்னர், நான்கு செயலிகளும் 250 படிகள் வீதம் பகிர்ந்துகொண்டு, மோதல் நேராது என்னும் துணிவுடன் கணக்கைத் தொடங்கும். எந்தப் படி எந்த அறையைப் படித்தது, எதில் எழுதியது என்பன தனியே குறிக்கப்படும். இறுதியில் அக்குறிப்புகள் ஆராயப்படும். மோதல் இல்லையாயின் விடை ஏற்கப்படும். உண்டாயின், அவ்விடை தள்ளப்பட்டு, பழைய எண்கள் நகலிலிருந்து மீட்கப்படும். கணக்கும் முதலிலிருந்து வரிசைப்படி செய்யப்படும். இவ்வேலைகளுக்குரிய கட்டளைகளை நிரல்பெயர்ப்பியே நிரலினுள் சேர்த்துவிடும்.

துணிவு பலித்தால் காலம் மிஞ்சும். பலிக்காவிடின் முயன்ற காலம் வீணாகும். நகல் எடுத்தற்கும், குறித்தற்கும், ஆராய்தற்கும் நேரம் செலவாகும். ஆதலின், பலிக்கும் வாய்ப்பு மிகுந்தவிடத்தே இம்முறை பயன்தரும். ஆயினும், துணிவு பொய்த்த வேளையிலும் பிழையான விடை வெளிவருவதில்லை. மீளும் வழியை முன்னரே அமைத்துக்கொண்டு, முடிவை ஆராய்ந்த பின்னரே ஏற்பதால், கணிப்பொறியின் இத்துணிவு வெறும் துணிச்சல் ஆகாது.