பூச்சித் தெளிப்பான் தற்காப்புக்கு உதவுமா?

இரவு கடைசி வண்டியில் வந்து அனுப்பம்பட்டு நிலையத்தில் இறங்கும் பெண்களும், விடியுமுன் மீன் வாங்கப் பழவேற்காட்டுக்குப் புறப்படுவோரும், கரப்பான்பூச்சித் தெளிப்பானையோ வாசனைத் தெளிப்பானையோ கைப்பையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பதுண்டு. அவர்களது அச்சம் நியாயமானது. ஆயினும், அப்பொருள்களை நம்பிச் செல்லலாகாது என்பதே எங்கள் அறிவுரை.

தற்காப்புக்கென விற்கப்படும் மிளகாய்த் தெளிப்பானில் கேப்சைசின் உள்ளது. அது வெப்பத்தை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுவதால் இமைகள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. கடும் இருமல் எழுகிறது. பூச்சித் தெளிப்பானிலுள்ள பைரித்ராய்டோ பூச்சியின் நரம்பைத் தாக்குவதற்கானது. மனிதர் கண்ணில் பட்டால் எரிச்சல் உண்டாகும். தாக்க வருபவரை அக்கணமே தடுத்து நிறுத்தும் என எதிர்பார்க்க இயலாது. வாசனைத் தெளிப்பானிலுள்ள ஆல்கஹாலும் அத்தகையதே. மேலும், அது எளிதில் தீப்பற்றும். கழிப்பறை அமிலத்தைக் குப்பியில் எடுத்துச் செல்வது இவற்றினும் கொடிது. கசிந்தால் முதலில் வேகுவது எடுத்துச் செல்பவரின் உடலே.

ஏரிக்கரையில் காற்று ஓய்வதில்லை. எதிர்க்காற்றில் அடித்த மருந்து அடித்தவர் முகத்திற்கே திரும்பும். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத்திணறலை வருவிக்கும். மூடிய இடத்திலும் இதே இடர் உண்டு. 2014 பிப்ரவரி 13 அன்று மக்களவையில் ஓர் உறுப்பினர் மிளகுத் தெளிப்பானைப் பயன்படுத்தியபோது அவையிலிருந்த பலர் இருமித் தவித்தனர். சிலர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

ஆகவே துணையோடு செல்லுங்கள். வரும் நேரத்தை வீட்டாருக்குத் தெரிவியுங்கள். ஆபத்து நேர்ந்தால் உரக்கக் கூவி, வெளிச்சமும் ஆளும் உள்ள இடத்திற்கு ஓடுங்கள். காவல்துறையின் அவசர உதவிக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181 ஆகிய எண்களை அழையுங்கள்.

எவர் கண்ணிலேனும் தெளிப்பு மருந்து பட்டுவிட்டால் கசக்காதீர்கள். இமைகளை விரித்து, தூய நீரை 15 முதல் 20 நிமிடம் வரை விடாது ஊற்றிக் கழுவுங்கள். ஏரியின் உவர்நீரைத் தவிர்த்துக் குடிநீரைப் பயன்படுத்துங்கள். எண்ணெய், தாய்ப்பால் போன்றவற்றை விடாதீர்கள். மருந்து பட்ட உடையைக் களைந்து, தோலைச் சோப்பால் கழுவுங்கள். பார்வை மங்கினாலோ, வலி தணியாவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ 108ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். அந்த மருந்துக் குப்பியையும் தவறாது எடுத்து வாருங்கள். அதில் என்ன கலந்துள்ளது என்பதை அறிந்தால் சிகிச்சையை விரைந்து தீர்மானிக்க இயலும்.