கேமரா கேபிளின் முனை: கனெக்டரும் கருவியும் பார்த்து வாங்குவது எப்படி?

2018-ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னைக் காவல்துறை "மூன்றாவது கண்" என்ற பெயரில் கடைக்காரர்களைக் கேமரா பொருத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டபோது, நம் புறநகர்ப் பகுதிகளிலும் பலர் வாங்கி மாட்டினார்கள். 2022 ஜனவரியில் தாம்பரத்துக்கென்று தனிக் காவல் ஆணையரகம் வந்தது. இன்று திருட்டுப் புகார் என்று போனால் கேமராப் பதிவைத்தான் முதலில் கேட்கிறார்கள். புகார் வரை போக வேண்டாம். விடியற்காலையில் லாரியிலிருந்து 50 மூட்டை இறங்கியதா, 48 இறங்கியதா என்ற வழக்குக்கே அந்தப் பதிவு வேண்டியிருக்கிறது. அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு கட்டம் மட்டும் கறுப்பாக இருந்தால் போட்ட முதல் வீண்.

இப்படிப் படம் போகும்போது கேமராவையே மாற்றிவிடுவோர் உண்டு. அவசரப்பட வேண்டாம். கேமராவும் சுவருக்குள் போகும் கேபிளும் எளிதில் கெடுவதில்லை. கெடுவது பெரும்பாலும் முனை. நான்கு கேமரா உள்ள கடையில் படத்துக்கு மட்டும் எட்டு முனைகள். நல்ல அரிசி, நல்ல சாக்கு, ஆனால் வாய்த் தையல் சரியில்லை என்றால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் நடக்கிறது. முனையை நாமே கட்டக் கற்றுக்கொண்டால் ஆளுக்காக இரண்டு நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

முதலில் கேபிளைப் பற்றி. கோஆக்சியல் என்றால் நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளைக் காப்பு, அதன் மேல் கம்பிப் பின்னல் வலை, எல்லாவற்றுக்கும் மேல் உறை. 1880-லேயே இங்கிலாந்தில் ஆலிவர் ஹெவிசைடு காப்புரிமை பெற்ற அமைப்பு இது. வலை வெளி மின்சாரத்தின் தொந்தரவை உள்ளே விடாமல் தடுக்கிறது. நடுக்கம்பி படத்தைக் கொண்டுபோகிறது. இந்த இரண்டும் ஒன்றையொன்று தொடாமல், ஆனால் இரண்டும் கனெக்டரை நன்றாகத் தொட வேண்டும். முனை கட்டும் வேலை முழுவதும் இவ்வளவுதான்.

நம் கடைகளில் மூன்று வகைக் கேபிள் இருக்கும். மிகுதியாக இருப்பது "3+1": மெல்லிய கோஆக்சியல் ஒன்று, கேமராவுக்கு மின்சாரம் கொடுக்க மெல்லிய கம்பிகள் மூன்று, எல்லாம் ஒரே உறைக்குள். அடுத்தது ஆர்.ஜி.59, சுமார் 6 மி.மீ. தடிமன். மூன்றாவது டி.வி.க்குப் போடும் ஆர்.ஜி.6, சுமார் 7 மி.மீ. தடிமன், உள்ளே 1 மி.மீ. நடுக்கம்பி. இவை 75 ஓம் வகையைச் சேர்ந்தவை. பழைய வயர்லெஸ் சாமான்களுடன் வரும் ஆர்.ஜி.58 பார்க்க இவற்றைப் போலவே இருக்கும். ஆனால் அது 50 ஓம். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள்.

கடைக்காரரிடம் கேபிள் வாங்கும்போது ஒரு சிறு காந்தமும் பேனாக்கத்தியும் கையில் இருக்கட்டும். நடுக்கம்பி காந்தத்தில் ஒட்டினால் அது செம்பு பூசிய இரும்பு. கத்தியால் சுரண்டி வெள்ளையாகத் தெரிந்து, காந்தத்திலும் ஒட்டாவிட்டால் செம்பு பூசிய அலுமினியம். டி.வி. கேபிளில் இரும்புக் கம்பி குற்றமில்லை; அந்த உயர் அலைவரிசை கம்பியின் மேல்தோலில்தான் ஓடுகிறது. கேமராப் படம் அப்படியல்ல, அதில் மிகக் குறைந்த அலைவரிசைகளும் கலந்திருக்கின்றன. அதனால் கேமராவுக்கு முழுச் செம்பு வேண்டும். மீதியான டி.வி. கேபிளைக் கேமராவுக்கு இழுத்துவிடும் சிக்கனம் நீளம் கூடக் கூட வேலைக்கு ஆகாது.

இனி கனெக்டர். கேமராவிலும் டி.வி.ஆர். பெட்டியிலும் மாட்டுவது பி.என்.சி. நீல், கன்சல்மன் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்களின் பெயர் அதற்குள் இருக்கிறது. பி என்பது துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகித் திருகுவது போன்ற பூட்டைக் குறிக்கும். செட் டாப் பாக்ஸில் மாட்டும் எஃப் கனெக்டர் வேறு. அதில் கேபிளின் நடுக்கம்பியே ஊசியாக நிற்கும்.

பி.என்.சி.யில் நம் பக்கம் அதிகம் விற்பது திருகு வகை. சின்ன ஸ்குரூ ஒன்று நடுக்கம்பியைப் பிடித்துக்கொள்ளும், பின்புறம் ஸ்பிரிங். ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். 3+1 கேபிளின் மெல்லிய கம்பிக்கு இது பொருந்தும் என்றாலும், ஸ்குரூ காலப்போக்கில் தளரும். இரண்டாவது, ஒரு சாண் ஒயருடன் வார்த்து வரும் கனெக்டர். இதில் கனெக்டர் உறுதி, ஆனால் அந்த ஒயரைக் கேபிளுடன் முறுக்கிச் சேர்க்கும் இடம் புதிய பலவீனமாகிவிடுகிறது. பற்றவைத்து டேப் சுற்றினால் ஒப்புக்கொள்ளலாம். வெறும் முறுக்கு வேண்டாம். மூன்றாவது கிரிம்பிங் வகை: ஊசி, உடல், குழாய் என்று மூன்று உருப்படி. நான்காவது கம்ப்ரெஷன் வகை. ஈரம் புகாது, மிக உறுதி, ஆனால் தனிக் கருவி வேண்டும், விலையும் கூடுதல். ஆர்.ஜி.59 கேபிள் போட்ட கடைக்கு என் தேர்வு கிரிம்பிங்தான்.

கருவியைத் தனியாகவும் கனெக்டரைத் தனியாகவும் வாங்குவது பலர் ஏமாறும் இடம். கேபிள், கனெக்டர், கருவி மூன்றும் ஒரே அளவுக்குச் சேர வேண்டும். கிரிம்பிங் டூலின் வாயில் அறுகோணத் துளைகள் இருக்கும். ஆர்.ஜி.59-க்குச் சுமார் 6.5 மி.மீ. துளையும், ஊசிக்கு 1.7 மி.மீ. துளையும் வேண்டும். ஆர்.ஜி.6-க்குத் துளை பெரிது. கனெக்டருக்குக் கனெக்டர் அளவு மாறுவதால் உறையில் உள்ள எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். கம்ப்யூட்டர் நெட்வொர்க் ஒயருக்கான கிரிம்பிங் டூல் இதற்கு உதவாது. வாய் முழுதும் மூடிய பிறகே விடுபடும் ராட்செட் உள்ள கருவியே நல்லது. நம் கைப்பலத்தை நம்ப வேண்டியதில்லை.

இத்துடன் கேபிளைச் சுற்றித் திருகும் இரட்டை பிளேடு ஸ்ட்ரிப்பர் ஒன்று. பிளேடால் சீவினால் வலையில் பாதி அறுந்துபோகும், நடுக்கம்பியில் கீறல் விழும். கீறிய கம்பி இரண்டு முறை ஆட்டினால் ஒடியும். எல்லாமே அண்ணா சாலை அருகே ரிச்சி தெருவில் கிடைக்கும். கேபிள் துண்டை கையோடு எடுத்துப்போய் கனெக்டரைச் செருகிப் பார்த்து வாங்குங்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கருவி அகப்பட்டால், வாயை மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளை கோணலாக இருந்தால் வைத்துவிடுங்கள்.

கட்டும் முறை: மின்சாரத்தை நிறுத்திவிட்டு, முதலில் குழாயைக் கேபிளில் நுழைத்துக்கொள்ள வேண்டும். இதை மறந்தால் எல்லாம் முதலிலிருந்துதான். உரிக்கும் நீளத்தைக் கனெக்டரைப் பக்கத்தில் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஊசியை நடுக்கம்பியில் செருகிச் சின்னத் துளையில் அழுத்துங்கள். பிறகு உடலின் பின்குழல் வெள்ளைக் காப்புக்கும் வலைக்கும் நடுவே போகும்படி தள்ளி, வலையைக் குழலின் மேல் படிய விட்டு, குழாயை முன்னே கொண்டுவந்து பெரிய துளையில் அழுத்துங்கள். வலையின் ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் படம் வராது.

மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரில் பாருங்கள். கேமரா, டி.வி.ஆர். இரண்டிலிருந்தும் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்; மாட்டியிருந்தால் உள்ளே உள்ள 75 ஓம் மீட்டரை ஏமாற்றும். ஊசிக்கும் உடலுக்கும் இடையே "பீப்" வரக்கூடாது. ஒரு முனையில் ஊசியையும் உடலையும் சிறு கம்பியால் இணைத்தால் மறுமுனையில் "பீப்" வர வேண்டும்.

பகலில் படம் வந்து இரவில் போனால் பி.என்.சி.யைக் குறை சொல்ல வேண்டாம். இருட்டியதும் கேமராவின் இரவு விளக்குகள் எரிந்து மின்சாரம் கூடுதலாக இழுக்கும். 0.2 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 40 மீட்டர் தூரம் அரை ஆம்பியர் போனால், போக வர 80 மீட்டருக்குச் சுமார் 3.4 வோல்ட் வழியிலேயே கரையும். 12 வோல்ட் கேமராவுக்கு 8.6 வோல்ட்தான் போய்ச் சேரும். அலுமினியக் கம்பி என்றால் இன்னும் மோசம். குடோன் தூரமாக இருந்தால் அடாப்டரைக் கேமரா பக்கத்திலேயே வையுங்கள். 230 வோல்ட் வேலையை மட்டும் எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் போன்ற கடலோரக் கடைகளில் உப்புக்காற்று கனெக்டரில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். வெளியே உள்ள இணைப்பை பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, கேபிள் பெட்டியின் அடிப்பக்கமாக நுழையுமாறு ஒரு தொங்கல் விடுங்கள். மழைநீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். அரிசி, பருப்பு குடோனில் எலி உண்டு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை, பி.வி.சி. பைப்புக்குள் கேபிளை இழுங்கள். டி.வி.ஆர். பெட்டியைக் கல்லாவுக்கு அடியில் வைப்பதும் ஒரு வழக்கமாகிவிட்டது. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று பார்த்தவர்கள் அதைப் பரணுக்கு ஏற்றிவிடுவார்கள். ஏற்றும்போது கேபிள் நீளம் போதாமல் ஒட்டுப்போட நேரிடாதபடி, ஒவ்வொரு முனையிலும் ஒரு மீட்டர் சுருட்டி மிச்சம் விட்டு வைத்துக்கொள்ளுங்கள்.