சங்கம் வளர்வதும் தேய்வதும்

ஊரை விட்டுப் பெயர்ந்த எமது கமக்காரக் குடும்பங்களுக்குச் சங்கம் என்பது புதிய சொல் அன்று. நலன்புரி நிலையத்தில் ஒரு குழு, மீளக்குடியேறிய கிராமத்தில் இன்னொரு குழு, விதைநெல் பெற ஒன்று, வீடு பெற ஒன்று, ஆடு பெற ஒன்று என்று ஒரே குடும்பம் நான்கைந்து சங்கங்களில் பெயர் பதிந்திருப்பதை நாம் காண்கிறோம். பெயர் பதியும் நாளில் மர நிழல் கொள்ளாத கூட்டம். உதவி வந்து முடிந்த மறுமாதம் கூட்டத்துக்கு வருபவர்கள் தலைவரும் செயலாளரும் மட்டுமே. பின்னர் கூட்ட அறிக்கைப் புத்தகமும் யாரோ ஒருவரின் வீட்டுப் பெட்டிக்குள் போய்விடுகிறது.

இதனைக் கண்டு, "எங்கட சனத்துக்கு ஒற்றுமை இல்லை" என்று சலித்துக்கொள்வோர் பலர். அப்படிச் சொல்லி முடித்துவிடுவது சரியன்று. சங்கம் வளர்வதற்கும் காரணங்கள் உண்டு. தேய்வதற்கும் காரணங்கள் உண்டு. அவற்றை அறிந்துகொள்வதற்காக, ஐக்கிய அமெரிக்காவின் கமக்காரர் 150 ஆண்டுகளுக்கு முன்னர் அமைத்த ஒரு சகோதரக் கழகத்தின் வரலாற்றை இப்பாடத்தில் எடுத்துக்கொள்வோம். அதுவும் ஓர் உள்நாட்டு யுத்தத்தின் பின் பிறந்த கழகமே.

யுத்தத்தின் பின் பிறந்த எண்ணம்

ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் 1861 முதல் 1865 வரை யுத்தம் புரிந்தன. யுத்தம் முடிந்தபோது தென்பகுதியில் கமங்கள் பாழடைந்து கிடந்தன. அங்குள்ள விவசாய நிலைமையை அறிந்துவர, 1866ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒலிவர் ஹட்சன் கெலி என்பவரை விவசாயத் திணைக்களம் அனுப்பியது. அவர் வடபகுதியைச் சேர்ந்தவர். மினசோட்டா மாநிலத்தில் கமம் செய்தவர். நேற்றுவரை எதிரிகளாக இருந்த மக்கள் நடுவே அவர் போகவேண்டியிருந்தது.

கெலி, மேசன் என்னும் சகோதரக் கழகத்தின் அங்கத்தவர். தென்பகுதியிலிருந்த அதே கழகத்தினர் அவரை வரவேற்று உதவினர். அக்கழகத்தில் கத்தோலிக்கர் சேர்வதைத் திருச்சபை அனுமதிப்பதில்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும் கெலியின் உள்ளத்தில் எழுந்த எண்ணம் எமது கவனத்துக்கு உரியது. கமக்காரர் அனைவரும் ஒரே சகோதரக் கழகத்தில் சேர்ந்தால், யுத்தத்தின் பகையும் ஆறும், தனித்தனியே உழைத்து ஏமாறும் நிலையும் மாறும் என்று அவர் கருதினார்.

1867 டிசம்பர் 4ஆம் திகதி, வாசிங்டன் நகரில் கெலியும் வேறு ஆறு பேரும் சேர்ந்து கழகத்தைத் தொடக்கினர். அந்த எழுவரில் இருவர் மதகுருமார். கழகத்தின் ஒவ்வொரு கிளையும் 'கிரேஞ்ச்' எனப்பட்டது. களஞ்சியத்தோடு கூடிய கமவீட்டைக் குறிக்கும் பழைய சொல் அது. காலப்போக்கில் கழகம் முழுவதற்கும் அதுவே பெயராயிற்று.

குடும்பத்துக்கு உரிய சங்கம்

அந்நாளில் இத்தகைய கழகங்களுள் பெரும்பாலானவற்றில் ஆண்கள் மட்டுமே சேரலாம். கெலியின் மருமகள் கரோலைன் ஹோல் என்பவர், பெண்களும் சம உரிமையுள்ள அங்கத்தவராக இருக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். அது ஏற்கப்பட்டது. ஒரு கிளையைத் தொடங்குவதற்கு ஆண்கள் 9 பேரும் பெண்கள் 4 பேரும் ஆகக்குறைந்தது இருக்கவேண்டும் என்று விதி வகுத்தனர். கிளையின் பதவிகளில் நான்கு பெண்களுக்கே உரியனவாயின. ஆண்கள் 18 வயதிலும் பெண்கள் 16 வயதிலும் சேரலாம். ஆகவே தகப்பன், தாய், வளர்ந்த பிள்ளைகள் என்று குடும்பமே கூட்டத்துக்கு வந்தது.

இன்னுமொரு பதவியையும் கவனிக்கவேண்டும். ஒவ்வொரு கிளையிலும் கற்பித்தல் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக ஒருவர் தெரிவு செய்யப்பட்டார். கூட்டந்தோறும் ஒரு கட்டுரை, ஒரு விவாதம், ஒரு செய்முறை விளக்கம், ஒரு பாட்டு என்று ஏதாவது ஒழுங்கு செய்வது அவருடைய கடமை. கணக்கு வாசித்துக் கலைந்துபோகும் கூட்டமாக அது இருக்கவில்லை.

எட்டு இலட்சம் பேர் சேர்ந்தனர்

1868 வசந்த காலத்தில் கெலி அரச வேலையை விட்டு விலகி, ஊர் ஊராகக் கிளை அமைக்கப் புறப்பட்டார். ஒரு கிளை அமைந்தால் 15 டொலர் கட்டணம் கிடைக்கும். அதைக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் முதல் ஆண்டில் அமைந்த கிளைகள் மிகச் சிலவே. கடனும் ஏறியது.

பின்னர் நிலைமை மாறியது. தானியத்தின் விலை விழுந்தது. புகையிரதக் கம்பனிகளும் களஞ்சியக்காரரும் நினைத்தபடி கட்டணம் அறவிட்டனர். கமக்கருவிகளை முகவர்கள் கூடிய விலைக்கு விற்றனர். சேர்ந்து வாங்குவோம், சேர்ந்து விற்போம், சேர்ந்து குரல் கொடுப்போம் என்று கிரேஞ்ச் சொன்னபோது கமக்காரர் திரண்டு வந்தனர். 1875ஆம் ஆண்டில் அங்கத்தவர் தொகை 8 இலட்சத்து 58 ஆயிரத்தை எட்டியது.

அவர்களின் குரலுக்குப் பயனும் இருந்தது. களஞ்சியக் கட்டணத்துக்கு இலினோய் மாநிலம் உச்ச வரம்பு விதித்துச் சட்டம் செய்தது. அச்சட்டம் செல்லும் என்று ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1877இல் தீர்ப்பளித்தது.

ஐந்து ஆண்டுகளில் சரிவு

ஆனால் 1880ஆம் ஆண்டில் எஞ்சியிருந்தவர்கள் ஏறத்தாழ 1 இலட்சத்து 24 ஆயிரம் பேர் மட்டுமே. ஏழு பேரில் ஆறு பேர் போய்விட்டனர். காரணங்கள் என்ன?

முதலாவது, பலர் மலிவு விலையை மட்டும் எதிர்பார்த்துச் சேர்ந்தவர்கள். எதிர்பார்த்த இலாபம் உடனே கிடைக்காதபோது அவர்களைக் கட்டிவைக்க வேறொன்றும் இருக்கவில்லை.

இரண்டாவது, கிளைகள் பெருகிய வேகத்துக்கு அங்கத்தவர் பயிற்சி பெறவில்லை. கமத்தோடு தொடர்பில்லாத வியாபாரிகளும் அரசியலில் ஏற விரும்பியவர்களும் உள்ளே வந்தனர்.

மூன்றாவது, அனுபவமின்றிப் பெரிய தொழில்களில் இறங்கினர். அயோவா மாநிலத்தில் அறுவடை இயந்திரம் செய்யும் முயற்சி நட்டத்தில் முடிந்தது. பல ஊர்களில் சங்கக் கடைகள், கொண்ட விலைக்கே பொருளை விற்றன. ஊர்க் கடைக்காரர் விலையை இன்னும் குறைத்தபோது சங்கக் கடை நிலைக்கவில்லை. 1875இல் தேசிய கிரேஞ்ச் ரொச்டேல் முறையைப் பரிந்துரைத்தது. இங்கிலாந்தின் ரொச்டேல் நகரத் தொழிலாளர் 1844இல் தொடங்கிய முறை அது. சந்தை விலைக்கே விற்று, ஆண்டு முடிவில் மிஞ்சும் இலாபத்தை, ஒவ்வொருவரும் வாங்கிய அளவுக்கேற்பத் திருப்பிக் கொடுப்பதாகும். நல்ல வழிதான், ஆனால் பல கடைகளுக்கு அது பிந்தி வந்த மருந்தாயிற்று.

எஞ்சியவர்கள் செய்தது என்ன?

எஞ்சிய கிளைகள் அழிந்துபோகவில்லை. அவை மெதுவாக மீண்டும் வளர்ந்தன. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கத்தவர் தொகை மறுபடியும் 8 இலட்சத்தைத் தாண்டியது. இந்த இரண்டாவது வளர்ச்சிக்குப் பல பத்தாண்டுகள் எடுத்தன.

அக்கிளைகள் தமக்கென மண்டபங்களைத் தாமே கட்டிக்கொண்டன. ஒழுங்காகக் கூடின. கூட்டத்தின் பின் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கொண்டுவந்த உணவைப் பகிர்ந்து உண்டன. நூல்களைச் சேர்த்து வாசித்தன. கமவீடு தீப்பற்றினால் இழப்பைப் பகிர்ந்துகொள்ளும் பரஸ்பரக் காப்புறுதிச் சங்கங்களை அமைத்தன. கிராமத்தவர் கடிதம் எடுக்கப் பட்டினத்துக்குப் போகவேண்டியிருந்த காலத்தில், தபாலைக் கமவீட்டு வாசலுக்கே கொண்டுவர வேண்டும் என்று கிரேஞ்ச் இடைவிடாது கேட்டது. 1896இல் அச்சேவை பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. 1913இல் பொதித் தபாலும் வந்தது.

கட்சி அரசியலும் சமய வாதமும் கூட்டத்துக்குள் வரலாகாது என்பதை 1874ஆம் ஆண்டின் கொள்கைப் பிரகடனத்திலேயே எழுதி வைத்தனர். அங்கத்தவர் வெளியே தமது விருப்பப்படி வாக்களிக்கலாம். இதனால் வெவ்வேறு சபையினரும் கட்சியினரும் ஒரே மேசையில் அமர முடிந்தது.

பிற்காலத்தில் கமத்தை நம்பி வாழ்வோர் தொகை அந்நாட்டில் மிகவும் குறைந்தது. கழகமும் சுருங்கியது. ஆனாலும் அது இன்றும் இயங்குகிறது.

அதன் குறைகளையும் மறைக்கலாகாது. அதன் இரகசியச் சடங்குகளைக் குறித்துக் கத்தோலிக்கரிடையேயும் வேறு சில சபையினரிடையேயும் ஐயம் இருந்தது. அதைவிடப் பெரிய குறை, தென் மாநிலங்களில் நிலத்தை உழுது பயிரிட்ட கறுப்பின மக்கள் பெரும்பாலும் சேர்க்கப்படாமையே. சகோதரம் என்று பெயர் வைத்துவிட்டுப் பக்கத்து வயலில் நிற்பவரை வெளியே நிறுத்தினால், அந்தப் பெயருக்குப் பொருள் இல்லை. சாதியையும் ஊரையும் பார்த்துக் கதிரை போடும் எமது சங்கங்களும் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

எமது சங்கங்களுக்கு

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. பொருளைக் காட்டிச் சேர்த்தவர்கள் பொருள் முடிய விலகுகிறார்கள். சங்கத்தில் ஒரு வேலையும் ஒரு மதிப்பும் கிடைத்தவர்கள் தங்குகிறார்கள். ஆகவே அங்கத்தவர் தொகையைப் பெருக்குவதற்கு முன் சங்கத்தின் செயற்பாடுகளைப் பெருக்கவேண்டும். நடைமுறையில் பின்வருவனவற்றைச் செய்து பார்க்கலாம்.

1. பத்துப் பதினைந்து குடும்பங்களோடு தொடங்குங்கள். குடும்பத் தலைவரின் பெயரை மட்டும் பதியாமல், கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் அனைவரையும் அங்கத்தவராக்குங்கள். யுத்தத்தில் கணவனை இழந்த பெண்கள் நடத்தும் குடும்பங்கள் எம்மிடையே பல. அவர்கள் பின்வரிசையில் இருக்கும் சங்கம் பாதிச் சங்கமே.

2. கூட்டத்துக்கு ஒரே நாளை வையுங்கள். எல்லாச் சமயத்தவரும் இருக்கும் இடத்தில் பூரணை விடுமுறை வசதியாக இருக்கும். முதலில் கணக்கை எல்லோரும் கேட்க உரத்து வாசியுங்கள். பின்னர் ஒருவர் தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்து காட்டட்டும். விதைநெல்லில் 100 மணிகளை எண்ணி, ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, எத்தனை முளைத்தன என்று பார்ப்பது நல்ல தொடக்கம். எண்பதுக்குக் குறைவாக முளைத்தால் அந்த விதையை நம்பி விதைக்கலாகாது. முடிவில் தேநீரும் பிள்ளைகளின் பாட்டும் இருக்கட்டும்.

3. பணம் தேவைப்படாத வேலையை முதலில் எடுங்கள். கிணறு இறைத்தல், குளக்கட்டில் பற்றை வெட்டுதல், தனித்து வாழும் முதியவரின் கூரையை வேய்தல், செத்த வீட்டில் பொறுப்பேற்றல் ஆகியவை ஊரார் கண்ணில் படும் வேலைகள். அவற்றைக் கண்டு தாமாகச் சேர வருபவரே நல்ல அங்கத்தவர். அவரும் இரண்டு மூன்று கூட்டங்களுக்கு வந்து, ஒரு சிரமதானத்தில் கைகொடுத்த பின் பெயரைப் பதியட்டும்.

4. பிடியரிசிச் சேமிப்புப் போன்ற சிறியதிலிருந்து பணக் கொடுக்கல் வாங்கலுக்குப் போங்கள். பசளை ஏற்ற ஒரே லொறியைச் சேர்ந்து பிடித்துக் கூலியைப் பங்கிட்ட அனுபவம் இல்லாதவர்கள், உழவு இயந்திரம் வாங்கி வாடகைக்கு விட அவசரப்படக்கூடாது.

5. அங்கத்தவர் பதிவேட்டுக்கும் சேமிப்புக் கணக்குக்கும் பிரதி எடுத்து, வெவ்வேறு இரண்டு இடங்களில் வையுங்கள். காணி உறுதி, அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளை எடுத்துவைக்கவும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உதவுங்கள். யார் எந்தக் காணியில் பயிர் செய்தார், எல்லையில் யார் இருந்தார் என்பதை மூத்தவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள். ஊருக்குத் திரும்பும் நாளில் உறுதி தொலைந்த குடும்பத்துக்கு அயலவரின் சாட்சியமே பெருந்துணை. அந்த அயலைச் சிதறாமல் வைத்திருப்பது சங்கத்தின் முதற் பணிகளில் ஒன்று.

திருத்தூதர் பணிகள் நூலின் 2ஆம் அதிகாரத்தை வாசிப்போர் ஒன்றைக் கவனிக்கலாம். ஆதிக் கிறிஸ்தவர்கள் சேர்ந்து கற்றதும், செபித்ததும், உண்டதும், உடைமைகளைப் பகிர்ந்ததும் முதலில் சொல்லப்படுகின்றன. அவர்களின் தொகை நாள்தோறும் பெருகியது என்பது அதன் பின்னரே வருகிறது. அந்த ஒழுங்கை மாற்றாமல் நாமும் நடப்போம்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது சங்கத்தில் கடந்த ஆண்டு சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? விலகியவர்கள் எத்தனை பேர்? விலகியவர்களிடம் யாராவது போய்க் காரணம் கேட்டோமா?

2. நாளைக்கே எல்லா உதவிகளும் நின்றுவிட்டால், எமது சங்கம் எந்த வேலைக்காகக் கூடும்?

3. எமது கிராமத்தில் இதுவரை எந்தச் சங்கத்திலும் சேர்க்கப்படாத குடும்பங்கள் எவை? அடுத்த கூட்டத்துக்கு முன் அவர்கள் வீட்டுக்குப் போக யார் முன்வருகிறீர்கள்?