கவிழ்ந்து படுப்பதற்கான சாதனங்கள்

கேள்வி: என் தாயாருக்கு விழித்திரையில் துவாரம் விழுந்து அறுவைச் சிகிச்சை முடிந்தது. ஒரு வாரம் முகங்கவிழ்ந்தே இருக்கவேண்டுமாம். தோட்ட வீட்டில் இதற்கு என்ன சாதனங்கள் வேண்டும்?
- வாசகி, ஜாசின்

பதில்: கண்ணுக்குள் நிரப்பப்பட்ட வாயுக்குமிழி எப்போதும் மேல்நோக்கியே எழும் சுபாவமுடையதாதலால், முகம் தரையை நோக்கும்போதுதான் அது பின்புறத்துத் துவாரத்தை அணைத்து மூடும் என்பதை முதலில் அம்மாவுக்கு விளங்கச் சொல்லுங்கள், காரணம் தெரிந்தால் கஷ்டம் பாதி குறையும். 1991-இல் கெல்லி, வென்டல் என்னும் அமெரிக்க வைத்தியர்கள் இந்த அறுவைச் சிகிச்சை முறையை வெளியிடும்வரை, விழித்திரை மையத்துத் துவாரம் பெரும்பாலும் பரிகாரமற்ற வியாதியென்றே கருதப்பட்டது.

விலையுயர்ந்த நாற்காலி அவசியமில்லை. பெரிய துவாலையைச் சும்மாடுபோல் சுருட்டி, மூச்சுக்கு வழியாக ஒரு பக்கம் திறந்துவிட்டுச் சாப்பாட்டு மேசைமீது வைத்தால், நெற்றியும் கன்னங்களுமே பாரத்தைத் தாங்கும்; கண்ணில் எதுவும் அழுந்தலாகாது. இரவில் மார்புக்கடியில் ஒரு தலையணை, மைலோ குடிக்க ஸ்ட்ரா, வந்தவர் முகம் காண மேசையில் ஒரு கண்ணாடி, இவை போதும். எவ்வளவு நேரத்துக்கொருமுறை எழலாமென்பதை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எழும்போது காலை நீட்டி மடக்கட்டும்.

குமிழி கரைந்ததென்று டாக்டர் சொல்லும்வரை விமானமும் கூடாது, கெந்திங், கேமரன் மலைப் பயணமும் கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண்ணழுத்தம் ஏறிவிடும். கடும் வலியோ, பார்வை மேலும் மங்குவதோ கண்டால், விடியட்டுமென்று காத்திராமல் உடனே மலாக்கா பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.